வளர்ச்சி ஹார்மோன் சோதனை: எதை, எப்போது, யாருக்கு

அந்த அப்பா ரிப்போர்ட்டை எத்தனை முறை மடித்துப் பிரித்திருந்தாரோ, மடிப்பு ஓரத்தில் தாள் கிழியத் தொடங்கியிருந்தது. வளர்ச்சி ஹார்மோன்: மில்லிலிட்டருக்கு 0.2 நானோகிராம். ஒன்பது வயது மகன் வகுப்பில் எல்லோரையும்விடக் குட்டை என்று யாரோ சொல்லப்போக, அவராகவே ஒரு பரிசோதனைக் கூடத்துக்கு அழைத்துப்போய்க் காலை பத்து மணிக்கு இரத்தம் எடுக்க வைத்திருக்கிறார். "சுத்தமா இல்லைன்னு வந்திருக்கே" என்றார். குரல் உடைந்திருந்தது. பையன் பக்கத்தில் உட்கார்ந்து செருப்பு வாரைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தான்.

அந்த நேரத்தில் நன்றாக வளரும் இன்னொரு பிள்ளையின் இரத்தத்தை எடுத்துப் பார்த்திருந்தாலும் அதே மாதிரி எண் வர நிறையவே வாய்ப்பு உண்டு. இதைச் சொன்னபோது அவர் நம்பவில்லை. ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

இந்த ஹார்மோன் சோதனைகளுக்கு வரும் பிள்ளைகளின் கையில் ஊசி போட்டு, சாம்பிள் எடுத்து, முடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பது என் வேலை. எந்தச் சோதனை என்று முடிவு செய்வதும் பலன் சொல்வதும் டாக்டரின் பொறுப்பு. ஆனால் "ஏன் இந்தச் சோதனை, வேறு இல்லையா?" என்று பெற்றோர் கேட்பது பெரும்பாலும் என்னிடம்தான். அதற்கு நிதானமாகப் பதில் சொல்ல அந்த அறையில் நேரம் கிடைப்பதில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். சோதனைகளை ஒப்பிட வேண்டுமானால், உடம்பு இந்த ஹார்மோனை எப்படி விடுகிறது, எப்படி நிறுத்துகிறது என்று முதலில் தெரிய வேண்டும். ஒவ்வொரு சோதனையும் அந்த ஏற்பாட்டில் ஏதோ ஓர் இடத்தை மட்டும்தான் தட்டிப் பார்க்கிறது. எந்த இடத்தில் பழுது என்று சந்தேகப்படுகிறோமோ, அந்த இடத்தைத் தட்டும் சோதனைதான் சரியான சோதனை.

விடுவதும் அடக்குவதும்

மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியின் முன்பகுதியில் இந்த ஹார்மோன் தயாராகிறது. 191 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு புரதம். அதை எப்போது வெளியே விடுவது என்பது பிட்யூட்டரியின் கையில் மட்டும் இல்லை. அதற்கு மேலே இருக்கும் ஹைப்போதலாமஸ் இரண்டு ஆணைகளை அனுப்புகிறது. ஜி.எச்.ஆர்.எச். என்ற ஹார்மோன் 'விடு' என்கிறது. சொமாட்டோஸ்டாட்டின் 'நிறுத்து' என்கிறது.

இந்த இரண்டில் 'நிறுத்து' என்பதுதான் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது. அமெரிக்காவில் சால்க் ஆய்வு நிறுவனத்தில் ரோஜர் கில்லெமின் குழுவினர் ஆடுகளின் ஹைப்போதலாமஸ் சாற்றில் தேடிக்கொண்டிருந்தது தூண்டும் ஹார்மோனை. 1973-இல் அவர்களுக்குக் கிடைத்ததோ அடக்கும் ஹார்மோன். தூண்டுவதைப் பிடிக்க மேலும் ஒன்பது வருடம் ஆனது. 1982-இல் அது கிடைத்த இடமும் மூளை அல்ல. வளர்ச்சி ஹார்மோன் மிகுந்து கை கால் பெருத்துப்போன நோயாளிகளின் கணையக் கட்டியிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். அப்புறம் 1999-இல் ஜப்பானில் கொஜிமாவும் கங்காவாவும் மூன்றாவது ஒன்றைக் கண்டுபிடித்தார்கள்: கிரெலின். அதைச் சுரப்பது வயிறு. பசிக்கும்போது ஏறி, பிட்யூட்டரியை அதுவும் 'விடு' என்று தூண்டுகிறது.

சொமாட்டோஸ்டாட்டினின் பிடி தளர்கிற நேரத்தில் ஜி.எச்.ஆர்.எச். தட்டினால், பிட்யூட்டரி ஒரு மொத்தமாக ஹார்மோனைக் கொட்டுகிறது. பிறகு பிடி இறுகுகிறது. அதனால்தான் இது குழாயில் சொட்டுகிற தண்ணீர் மாதிரி ஒரே சீராக வராமல், அலை அலையாக வருகிறது. பிள்ளைகளுக்குப் பெரிய அலை இரவில், தூங்கத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில், ஆழ்ந்த உறக்கத்தோடு சேர்ந்து எழும். இரத்தத்துக்குள் வந்த ஹார்மோனில் பாதி சுமார் 20 நிமிடத்தில் காணாமல் போய்விடும். இரண்டு அலைகளுக்கு நடுவில் எடுத்தால் கருவியால் கண்டுபிடிக்கவே முடியாத அளவுக்குக் குறைந்திருக்கும். காலை பத்து மணிக்கு வந்த 0.2 சொல்வது இவ்வளவுதான்: அந்த நிமிடத்தில் அலை இல்லை.

இரத்தத்தில் கலந்த ஹார்மோன் கல்லீரலுக்குப் போய் ஐ.ஜி.எஃப்-1 என்ற இன்னொன்றைச் செய்ய வைக்கிறது. எலும்பின் வளரும் நுனிகளில் நடக்கும் வேலையில் பெரும் பங்கு இந்த ஐ.ஜி.எஃப்-1 வழியாகத்தான். அது போதுமான அளவு சேர்ந்ததும் பிட்யூட்டரிக்கும் ஹைப்போதலாமஸுக்கும் போய் 'போதும்' என்று சொல்கிறது. பிட்யூட்டரி சுரப்பதைக் குறைக்கிறது, சொமாட்டோஸ்டாட்டின் கூடுகிறது. வட்டம் மூடுகிறது.

இந்த வட்டத்துக்கு வெளியிலிருந்தும் நிறையக் கைகள் நீளும். இரத்தத்தில் சர்க்கரை ஏறினால் ஹார்மோன் அடங்கும், சட்டென்று இறங்கினால் பீறிடும். புரதம் உடைந்து வரும் அமினோ அமிலங்கள், முக்கியமாக ஆர்ஜினின், சொமாட்டோஸ்டாட்டினின் பிடியைத் தளர்த்தும். கொழுப்பு அமிலங்கள் அடக்கும். கடுமையான உடற்பயிற்சி, பட்டினி, அதிர்ச்சி எல்லாம் தூண்டும். தைராய்டு குறைந்தாலோ, ஸ்டீராய்டு நீண்ட நாள் கூடியிருந்தாலோ மொத்த ஏற்பாடும் மந்தமாகும். பருவம் வரும்போது ஈஸ்ட்ரோஜனும் டெஸ்டோஸ்டிரோனும் அலைகளை உயரமாக்கும்.

பட்டினியில் நடப்பதை மட்டும் இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சாப்பாடு குறையும்போது வளர்ச்சி ஹார்மோன் ஏறுகிறது, ஆனால் கல்லீரல் அதற்குக் காது கொடுப்பதில்லை. ஐ.ஜி.எஃப்-1 இறங்குகிறது, வளர்ச்சி நிற்கிறது. ஏறிய ஹார்மோன் கொழுப்பைக் கரைத்து உடம்பை ஓட்டும் வேலையைப் பார்க்கிறது. பெயர் வளர்ச்சி ஹார்மோன்தான், ஆனால் இல்லாத நாளில் உடம்பைத் தாங்குவதும் அதன் வேலை. ஒழுங்காகச் சாப்பிடாத பிள்ளையின் ஐ.ஜி.எஃப்-1 ரிப்போர்ட்டைப் படிக்கும்போது இதை மறக்கக் கூடாது.

ஒரே ஒரு சாம்பிள்

சரி, சோதனைகளுக்கு வருவோம். முதலில், அந்த அப்பா செய்தது. நேரம் காலம் பார்க்காமல் ஒரு தடவை எடுக்கும் வளர்ச்சி ஹார்மோன் அளவு, வளர்ந்த பிள்ளைக்குக் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்க உதவாது. தற்செயலாக ஓர் அலையின் உச்சியில் ஊசி போய், எண் நன்றாக ஏறி வந்தால் குறைபாடு இல்லை என்று சொல்லலாம். குறைவாக வந்தால் எதுவுமே சொல்ல முடியாது.

இதற்கு ஒரே விலக்கு பச்சிளங்குழந்தை. பிறந்த முதல் நாட்களில் ஹார்மோன் இயல்பாகவே உயர்ந்து நிற்கும். அப்போது சர்க்கரை திரும்பத் திரும்ப இறங்குகிற குழந்தைக்கு, பிட்யூட்டரியின் வேறு ஹார்மோனும் குறைந்திருந்து, ஒரு சாம்பிளில் வளர்ச்சி ஹார்மோன் 5 நானோகிராமுக்கு மேல் போகவில்லை என்றால், அதுவே போதும். அந்தக் குழந்தையை மருந்து கொடுத்துத் தூண்டிப் பார்ப்பது தேவையில்லாத ஆபத்து.

ஐ.ஜி.எஃப்-1

என்னைக் கேட்டால் முதல் ஊசி இதற்குத்தான் போக வேண்டும். வளர்ச்சி ஹார்மோன் அலை அலையாக ஆடுகிறதே தவிர, அதன் பலனான ஐ.ஜி.எஃப்-1 ஆடுவதில்லை. இரத்தத்தில் அதைக் கட்டிப்பிடித்து வைத்திருக்கும் புரதங்கள் இருப்பதால் மணிக்கணக்கில் அப்படியே நிற்கும். காலையா மாலையா என்ற கவலை இல்லை, வெறும் வயிறு தேவையில்லை, ஒரே ஒரு குத்து. பல நாள் சுரந்ததன் கூட்டுக் கணக்கை அது காட்டுகிறது.

அதன் பலவீனம், பல காரணங்களுக்காக இறங்குவது. சத்துக் குறைவு, கல்லீரல் நோய், தைராய்டுக் குறைவு, கட்டுப்படாத சர்க்கரை நோய் எல்லாமே அதைக் கீழே இழுக்கும். வயதுக்குத் தக்கபடியும் பருவநிலைக்குத் தக்கபடியும் அளவு மாறும். பன்னிரண்டு வயதில் பருவம் தொடங்காத பையனின் எண்ணைப் பன்னிரண்டு வயதுப் பட்டியலோடு ஒப்பிட்டால் குறைவாகத்தான் தெரியும், ஆனால் அவன் உடம்பின் வயது பத்தாக இருக்கலாம். மூன்று நான்கு வயதுக்குக் கீழே இயல்பே மிகக் குறைவு என்பதால், குறைபாட்டுக்கும் இயல்புக்கும் இடைவெளி தெரியாது. அந்த வயதில் அதைச் சுமக்கும் ஐ.ஜி.எஃப்.பி.பி-3 என்ற புரதத்தையும் சேர்த்துப் பார்ப்பது உதவும்.

வயதுக்கும் பருவத்துக்கும் தகுந்தபடி ஐ.ஜி.எஃப்-1 நடுவளவில் இருந்து, பிள்ளையும் வருடத்துக்கு ஒழுங்காக வளர்கிறது என்றால், நீண்ட சோதனைகளை நோக்கி ஓட வேண்டியதில்லை. மிகக் குறைவாக இருந்தால் அடுத்த படி. வளர்ச்சி ஹார்மோன் ஏராளமாக இருந்தும் ஐ.ஜி.எஃப்-1 அடிமட்டத்தில் கிடக்கும் அபூர்வ நிலை ஒன்றும் உண்டு. 1966-இல் இஸ்ரேலில் ஸ்வி லாரோன் விவரித்தது. அங்கே சுரப்பில் குறை இல்லை, ஹார்மோனை வாங்கிக்கொள்ளும் ஏற்பியில்தான் பழுது. ஏதாவது ஒன்றை மட்டும் அளந்தால் இந்த மாதிரிக் குழந்தையைத் தவறவிடுவோம்.

தூக்கத்தில் எடுப்பது, ஓடவிட்டு எடுப்பது

இயற்கையான அலையைப் பார்த்துவிட்டால் மருந்தே வேண்டாமே என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. இரவு முழுக்க 20 நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்தால் படம் முழுதாகக் கிடைக்கும். 12 மணி நேரத்துக்கு முப்பத்தைந்துக்கும் மேல் சாம்பிள். பிள்ளை படுக்கை வாசம், நாம் கண்விழிப்பு, இரத்தம் வேறு கணிசமாகப் போகும். குழாய் அடைத்துக்கொண்டால் பிள்ளை எழுந்துவிடும், எழுந்தால் அளக்க வந்த தூக்கமே கெட்டுவிடும். ஆராய்ச்சிக்குப் பொருந்தும், வழக்கமான சிகிச்சைக்கு ஒத்துவராது.

உடற்பயிற்சிச் சோதனை எளிது, ஊறும் இல்லை. ஆனால் நன்றாக இருக்கும் பிள்ளைகளிலும் கணிசமானவர்களுக்கு அதில் ஹார்மோன் ஏறுவதில்லை. ஏறினால் நிம்மதி, ஏறாவிட்டால் மறுபடி தொடக்கத்துக்கே.

மருந்து கொடுத்துத் தூண்டுவது

பெற்றோர் உண்மையில் தடுமாறும் இடம் இதுதான். பெயர்கள் புதிது, எல்லாமே வெறும் வயிற்றில், எல்லாமே மணிக்கணக்கில். ஆனால் ஒவ்வொரு மருந்தும் ஹார்மோனை வெளியே கொண்டுவரும் வழி வேறு, பிள்ளைக்குக் கொடுக்கும் சிரமமும் வேறு.

குளோனிடின் ஒரு மாத்திரை. பிரஷருக்குக் கொடுப்பதுதான். ஹைப்போதலாமஸைத் தட்டி ஜி.எச்.ஆர்.எச்.-ஐ விட வைக்கிறது. அரை மணிக்கு ஒருமுறை என்று ஒன்றரை மணி நேரம் சாம்பிள். மாத்திரை போட்டு முப்பது நாற்பது நிமிடத்தில் பிள்ளையின் பேச்சு குழறத் தொடங்கும். விளையாடிக்கொண்டிருந்த பொம்மை கையிலிருந்து நழுவும். தூங்கிவிடும். முகம் வெளுத்து, பிரஷர் இறங்கும். இதைப் பார்த்து அம்மாக்கள் பயந்துபோய் எழுப்பப் பார்ப்பார்கள். எழுப்ப வேண்டாம், படுத்தே இருக்கட்டும், பிரஷரை நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று சொல்வேன். முடிந்ததும் உட்கார வைத்து, ஏதாவது சாப்பிட வைத்து, நிற்க வைத்துப் பிரஷர் பார்த்த பிறகுதான் அனுப்புவோம். அன்று முழுக்கச் சோர்வாகத்தான் இருக்கும், பள்ளிக்கு அனுப்பக் கூடாது. சர்க்கரை ஆபத்து குறைவு, வலி குறைவு, நல்ல தூண்டலும் கிடைக்கும். பிள்ளைகளுக்கு முதல் தூண்டல் சோதனையாக நான் பரிந்து பேசுவது இதற்குத்தான். பெரியவர்களுக்கு இது சரியாக வேலை செய்வதில்லை, அவர்களுக்கு வேண்டாம்.

ஆர்ஜினின் நரம்பு வழியாக அரை மணி நேரம் ஏற்றுவது. சொமாட்டோஸ்டாட்டினின் பிடியைத் தளர்த்தி வேலை செய்கிறது, அதாவது குளோனிடின் தட்டாத இன்னோர் இடத்தை இது தட்டுகிறது. தூக்கம் வராது, பிரஷர் அவ்வளவாக இறங்காது. ஊசி போட்ட இடத்தில் எரியும், சிலருக்குக் குமட்டும். எடைக்கேற்ற அளவு, எவ்வளவு எடை இருந்தாலும் 30 கிராமுக்கு மேல் போகக் கூடாது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் கட்டாயம் முன்கூட்டிச் சொல்லுங்கள். தனியாகப் பார்த்தால் இதன் தூண்டல் கொஞ்சம் பலவீனம். இரண்டாவது சோதனையாக நல்ல துணை.

பல இடங்களில் இந்த இரண்டையும் ஒரே காலையில் அடுத்தடுத்துச் செய்கிறார்கள். ஒரே பட்டினி, ஒரே குழாய், ஒரே நாள் விடுப்பு. சின்னக் குழந்தைக்கும் ஊசிக்குப் பயந்து நடுங்கும் குழந்தைக்கும் இதுவே நல்லது என்று நினைக்கிறேன். இரண்டாம் முறை அந்த அறைக்குள் நுழைய மறுத்து வாசலிலேயே உட்கார்ந்துகொண்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஆனால் முதல் சோதனையிலேயே நன்றாக ஏறிவிட்டால் இரண்டாவது தேவையே இருந்திருக்காது என்பதும் உண்மை. சந்தேகம் குறைவாக இருக்கும் பிள்ளைக்கு ஒன்றைச் செய்துவிட்டுப் பலனைப் பார்த்து மற்றது என்று போகலாம்.

குளுக்ககான் தசையில் போடும் ஊசி. முதலில் சர்க்கரையை ஏற்றி, பிறகு அது இறங்கும்போது ஹார்மோன் எழுகிறது. அதனால் மெதுவாக, மூன்று மணி நேரம் வரை இழுக்கும். இரண்டாம் மணி நேரத்தில் குமட்டல், வயிற்று வலி, சிலருக்கு வாந்தி. முடிந்து வீட்டுக்குப் போன பிறகும் சர்க்கரை தாழலாம், எனவே நன்றாகச் சாப்பிட்டு, சர்க்கரை பார்த்து, கொஞ்சம் காத்திருந்துதான் கிளம்ப வேண்டும். இன்சுலின் கொடுக்கத் தயங்கும் சின்னக் குழந்தைகளுக்கும், வலிப்பு வரலாறு உள்ள பெரியவர்களுக்கும் இது நல்ல மாற்று. பிட்யூட்டரியின் ஆணைப்படி அட்ரினல் சுரப்பி விடும் கார்ட்டிசால் என்ற ஹார்மோனையும் இதில் ஓரளவு பார்க்கலாம்.

இன்சுலின் சோதனையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லி நழுவ எனக்கு மனம் வரவில்லை. மற்ற எல்லாவற்றையும் எடை போடும் அளவுகோலாக நெடுங்காலம் இருந்தது இதுதான். நரம்பில் சிறிதளவு இன்சுலின் கொடுத்து, சர்க்கரையை வேண்டுமென்றே 40 மில்லிகிராமுக்குக் கீழே இறக்குகிறோம். சர்க்கரை சரிவது உடம்புக்கு ஆபத்து மணி. வளர்ச்சி ஹார்மோனும் கார்ட்டிசாலும் ஒன்றாகப் பாய்கின்றன. ஒரே சோதனையில் பிட்யூட்டரியின் இரண்டு பெரிய வேலைகளையும் பார்த்துவிடலாம். கட்டி எடுத்த பிறகோ, தலையில் அடிபட்ட பிறகோ அந்த இரண்டுமே தெரிய வேண்டியிருக்கும்போது இதற்கு ஈடு கிடையாது.

ஆனால் அந்த இருபது முப்பது நிமிடம் கடினமானது. மேலுதட்டின் மேல் முத்து முத்தாக வியர்வை வரும். கை சில்லிடும். "இருபதிலிருந்து பின்னோக்கி எண்ணு பார்க்கலாம்" என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். பதினான்கில் தயங்கினால், பன்னிரண்டை இரண்டு முறை சொன்னால், சர்க்கரைக் கருவியில் எண் வருவதற்கு முன்பே எனக்குப் புரிந்துவிடும். குளுக்கோஸ் நிரப்பிய சிரிஞ்சு எப்போதும் கை எட்டும் தூரத்தில் இருக்கும். பிள்ளை மயங்கினாலோ வலிப்பு வந்தாலோ உடனே ஏற்ற வேண்டும், ஏற்றுவதும் அளவோடுதான். இந்தச் சோதனைக்குப் பிறகு குழந்தைகள் இறந்ததாக மருத்துவ உலகில் பதிவு உண்டு. சர்க்கரை இறங்கியது மட்டுமல்ல, பதற்றத்தில் செறிவான குளுக்கோஸை அளவுக்கு மீறி ஏற்றியதும் அதில் காரணமானது. வலிப்பு நோய், இதய நோய் இருந்தால் இந்தச் சோதனை கூடவே கூடாது. பக்கத்தில் ஆள் நகராமல் நிற்கும் வசதி இல்லாத இடத்தில் செய்யக் கூடாது. கார்ட்டிசாலும் சேர்த்துப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லாத சின்னக் குழந்தைக்கு இதை முதல் சோதனையாக யாராவது சொன்னால், "குளோனிடின் போதாதா?" என்று கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு.

நேரடியாக ஜி.எச்.ஆர்.எச்.-ஐயே ஊசியாகக் கொடுத்துப் பார்க்கும் முறையும் உண்டு, ஆர்ஜினினோடு சேர்த்தால் தூண்டல் மிகப் பலமாக இருக்கும். பலம்தான் அதன் சிக்கலும். அது பிட்யூட்டரியை மட்டும்தான் கேள்வி கேட்கிறது. தலையில் கதிர்வீச்சு வாங்கிய பிள்ளைகளுக்கு முதலில் அடிபடுவது ஹைப்போதலாமஸ். மேலிருந்து ஆணை வராமல் வளர்ச்சி நின்றிருக்கும், ஆனால் நாம் ஊசியில் ஆணையைக் கொடுத்ததும் பிட்யூட்டரி எழுந்து வேலை செய்துவிடும். ரிப்போர்ட்டில் எல்லாம் சரி என்று வரும், பிள்ளை வளராது. புற்றுநோய் சிகிச்சை முடிந்து வரும் பிள்ளைக்கு இந்தச் சோதனையை நம்பக் கூடாது.

கிரெலின் வழியில் வேலை செய்யும் மாசிமோரெலின் என்ற குடிக்கும் மருந்து 2017 டிசம்பரில் அமெரிக்காவில் பெரியவர்களுக்கு அனுமதி பெற்றது. ஒன்றரை மணி நேரத்தில் முடியும், சர்க்கரை இறங்காது. இதயத் துடிப்பின் மின்னோட்டத்தைப் பாதிக்கும் மருந்துகள் எடுப்பவர்களுக்கு ஆகாது. பெரியவர்களைப் பொறுத்தவரை, இன்சுலின் முடியாதபோது இதுவோ குளுக்ககானோ.

எண்ணை நம்புவதற்கு முன்

தூண்டிய பிறகு ஹார்மோன் எவ்வளவு ஏறினால் போதும்? நீண்ட காலமாகப் பல இடங்களில் 10 நானோகிராம் என்கிறார்கள், இப்போது நிறையப் பேர் 7 என்கிறார்கள். இந்தக் கோடு இயற்கை போட்டது அல்ல. 1985 வரை இந்த ஹார்மோனை இறந்தவர்களின் பிட்யூட்டரியிலிருந்துதான் எடுத்தார்கள். கிடைத்ததே கொஞ்சம், அதனால் கடுமையான குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு மட்டும் கொடுத்தார்கள், கோடும் தாழ்வாக இருந்தது. அந்த ஹார்மோன் வழியாகச் சிலருக்கு மூளையை அரிக்கும் குரூட்ஸ்ஃபெல்ட்-ஜேக்கப் நோய் தொற்றியது தெரிந்து அந்த வருடம் நிறுத்தினார்கள். அதே வருடம் ஆய்வகத்தில் செய்த ஹார்மோன் வந்தது, தட்டுப்பாடு போனது, கோடும் உயர்ந்தது. உங்கள் பிள்ளைக்கு 8 வந்தால் ஓரிடத்தில் குறைபாடு, இன்னோரிடத்தில் இல்லை. போதாததற்கு, ஒரே சாம்பிளை வெவ்வேறு கருவியில் போட்டால் வெவ்வேறு எண் வரும். நல்ல பிள்ளைகளிலும் பலர் ஒரு சோதனையில் தேறாமல் போவதால்தான் இரண்டு வெவ்வேறு மருந்தில் தேறாவிட்டால் மட்டுமே குறைபாடு என்று வழக்கமாகச் சொல்கிறார்கள்.

சோதனைக்கு முன்னால் சரி பார்க்க வேண்டிய மூன்று விஷயம் உண்டு. தைராய்டு குறைந்திருந்தால் முதலில் அதைச் சரி செய்யுங்கள், இல்லையென்றால் எந்த மருந்துக்கும் ஹார்மோன் சரியாக ஏறாது. உடல் பருமன் உள்ள பிள்ளைக்கு ஏற்றம் குறைவாகத்தான் வரும், கோட்டை அப்படியே வைத்து முடிவு கட்டக் கூடாது. மூன்றாவதுதான் அதிகம் விடுபட்டுப்போவது: பருவம் தாமதமாகும் பிள்ளை. பதினொன்று பன்னிரண்டு வயதாகியும் பருவ அறிகுறி இல்லாத பையனுக்கு அலைகள் இயல்பாகவே தாழ்ந்திருக்கும். சோதனைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பு டெஸ்டோஸ்டிரோன் ஊசி ஒன்று கொடுத்து, அதாவது பருவத்தைக் கொஞ்சம் காட்டிவிட்டு, சோதனை செய்தால் நன்றாக ஏறிவிடலாம். பெண் பிள்ளைக்கு ஈஸ்ட்ரோஜன், இரண்டு நாள். இதை எல்லோருக்கும் செய்ய வேண்டுமா என்பதில் டாக்டர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் வருடக்கணக்கில் தினமும் ஊசி போடத் தொடங்குவதற்கு முன் ஒரு தடவை இதைச் செய்து பார்ப்பது எவ்வளவோ மேல் என்பது என் உறுதியான எண்ணம்.

சோதனையே வேண்டாம் என்பதும் ஒரு தேர்வு

அந்த ஒன்பது வயதுப் பையனுக்கு வருகிறேன். டாக்டர் முதலில் கேட்டது பழைய உயரக் கணக்கு. தடுப்பூசி அட்டையில் கொஞ்சம், பள்ளிப் பதிவேட்டில் கொஞ்சம் என்று அப்பா ஒரு வாரத்தில் சேகரித்து வந்தார். நான் சுவரோடு நிறுத்தி அளந்தேன். செருப்பு இல்லாமல், குதிகால், பிட்டம், தோள் சுவரைத் தொட, கண் நேராகப் பார்க்க, மூன்று முறை. காலைக்கும் மாலைக்கும் நடுவில் உயரம் ஒரு சென்டிமீட்டர் வரை குறையும், அதனால் எப்போதும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் அளக்க வேண்டும். நான்கு வயதிலிருந்து பருவம் வரும்வரை வருடத்துக்கு 5 சென்டிமீட்டர் அளவில் வளர்வது இயல்பு. அவன் அதைச் செய்திருந்தான், எல்லா வருடமும். அவனுடைய வளர்ச்சிக் கோடு மற்றவர்களுக்குக் கீழே இருந்தது, ஆனால் விழவில்லை.

ஐ.ஜி.எஃப்-1 வயதுக்கு ஏற்றபடி இருந்தது. தைராய்டு சரி. இடது கையை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயது பார்த்ததில் ஏழு என்று வந்தது, அதாவது வளர்வதற்கு இன்னும் இரண்டு வருடம் கூடுதலாகக் கையில் இருக்கிறது. அப்போதுதான் அப்பா சொன்னார், தானும் பதினாறு வயதுக்கு மேல்தான் சட்டென்று உயர்ந்ததாக.

குளோனிடினும் வேண்டாம், ஆர்ஜினினும் வேண்டாம் என்று டாக்டர் எழுதினார். ஆறு மாதம் கழித்து அதே சுவர், அதே காலை நேரம். இரண்டு அளவுக்கு நடுவில் வேகம் குறைந்தால் அப்போது தூண்டல் சோதனை. அப்பா 0.2 தாளை என்ன செய்வது என்று கேட்டார். கோப்பிலேயே இருக்கட்டும் என்று சொல்லி, அதன் பின்பக்கத்தில் அன்றைய உயரத்தையும் தேதியையும் எழுதிக் கொடுத்தேன்.